பாம்பன் பொன்குருவி

மதுமதி பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய அன்று இராமநாதபுரத்தில் காலை ஒன்பது மணிக்கே வெயில் உச்சந்தலையைச் சுட்டது. கல்லூரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியவள் கையில் ஒரு தோள்பையும், முட்டை கொண்டுபோகிற பக்குவத்தில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் இருந்தன. பெட்டிக்குள் அளவுகோல், இடுக்கி, சின்னக் கத்தி, விரல் நீளக் குப்பிகள்.

விலங்கியல் துறைத் தலைவர் சண்முகவள்ளி அவளை வாசலுக்கே வந்து கூட்டிப் போனாள். ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம். அதற்குள் இப்படி ஒரு ஆராய்ச்சிக்காரி தன் துறையைத் தேடி வந்தது அவளுக்குப் பெருமையாக இருந்தது. உலகத்து மியூசியங்களில் பழைய காலத்திலிருந்து பாடம் செய்து வைத்திருக்கும் கோல்ட்ஃபிஞ்ச் பறவைகளை மதுமதி ஒவ்வொன்றாகப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் விரலடித் தோலிலிருந்தும் நெல்நுனி அளவு கிள்ளி எடுத்து மரபணுவைப் படித்தால், நூறு இருநூறு வருஷத்தில் அந்த இனம் எங்கெங்கே பரவியது, எங்கே அழிந்தது என்று சொல்லிவிடலாமாம்.

"லண்டன், பாரிஸ், வியன்னா எல்லாம் முடிஞ்சிருச்சு மேடம். ஆனா எல்லாரும் என்கிட்ட கேக்கிறது ஒரே ஒரு குருவியைத்தான். பாம்பன் குருவி."

"கேக்கத்தான் செய்வாங்க" என்றாள் சண்முகவள்ளி.

அந்தக் குருவியை உலகத்துக்குச் சொன்னவர் அவளுடைய அப்பா, அவள் அய்யா என்று கூப்பிடும் பேராசிரியர் யோகேஸ்வரன். கல்லூரி தொடங்கியபோது, அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் விட்டுப்போன பறவைச் சேகரம் இங்கே வந்து சேர்ந்தது. பாதிரியார் பாம்பன், தனுஷ்கோடி, மண்டபம் என்று அலைந்து சுட்டுப் பாடம் செய்த பறவைகள்; தன் தேசத்து நண்பர்களோடு பண்டமாற்று செய்து வாங்கிய சீமைப் பறவைகளும் கொஞ்சம். அதில் ஒரு கோல்ட்ஃபிஞ்சின் காலில் 'பாம்பன், 12 பிப்ரவரி 1908' என்று சீட்டு கட்டியிருந்தது. ஐரோப்பாவிலும் இமயமலைப் பக்கமும் இருக்க வேண்டிய குருவி இந்தக் கடல்மணலில் எப்படி? யோகேஸ்வரன் ஆய்விதழில் இரண்டு பக்கம் எழுதினார். 1979 ஜனவரியில் வெளிவந்தது. பறவைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் 'பாம்பனில் ஒரு பதிவு உண்டு' என்று ஒரு வரி ஏறியது. சில புத்தகங்களில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எப்படியிருந்தாலும் வரி இருந்தது.

சண்முகவள்ளிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆய்விதழ் தபாலில் வந்த அன்று அய்யா அவளைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து அரண்மனைக் கடைத்தெரு வரைக்கும் போய் பால்கோவா வாங்கித் தந்தார். 'பொன்குருவி' என்று அந்தப் பறவைக்குத் தமிழ்ப் பேர் வைத்ததும் அவர்தான். அவள் விலங்கியல் படித்ததே அந்தக் குருவியால் என்று சொல்லலாம். இப்போது துறைச் சுவரில் ஆளுயரத்துக்குப் பொன்குருவி வரைந்திருக்கிறார்கள். வருகிற சித்திரையில் மியூசியத்துக்கு அய்யா பெயரை வைப்பதாகப் பழைய மாணவர்கள் முடிவு செய்திருந்தார்கள்; வேலைகளை மதுரையில் வக்கீலாக இருக்கும் அவள் தம்பி மருதுபாண்டி முன்னின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மியூசியம் அறை நீளமானது. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டியது. மர அலமாரிகள் மட்டும் பழசு. இழுப்பறையைத் திறந்ததும் அந்துருண்டை நெடி குப்பென்று வந்தது. பறவைகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. கண் இருந்த இடத்தில் பஞ்சு, கால்கள் ஒன்றன்மேல் ஒன்று, காலில் சீட்டு. பொன்குருவிக்கு மட்டும் தனிக் கண்ணாடிப் பெட்டி. நூறு வருஷத்துக்கும் மேலாகியும் முகத்துச் சிவப்பு மங்கவில்லை. இறக்கையின் மஞ்சள் பட்டை நேற்று தீட்டியது போலிருந்தது.

"எவ்வளவு அழகா இருக்கு!" என்றாள் மதுமதி. கையுறை மாட்டிக்கொண்டு குருவியை எடுத்து வெள்ளைத் துணியில் கிடத்தினாள். அலகை அளந்தாள், காலை அளந்தாள், இறக்கையை மடக்கியபடியே அளந்தாள். ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள். சீட்டைப் படம் எடுத்தாள். பிறகு சீட்டைத் திருப்பினாள்.

அங்கேதான் அவள் கை நின்றது.

பூதக்கண்ணாடியை எடுத்தாள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். மறுபடியும் இறக்கையை அளந்தாள். மற்ற இழுப்பறைகளைத் திறந்து, அங்கிருந்த பறவைகளையும் சீட்டோடு ஒத்து அளந்தாள். சண்முகவள்ளி வாசலில் நின்று டீ சொல்லிவிட்டுத் திரும்பியபோதும் அவள் அதே சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, எதுவும் பிரச்சனையா?"

"மேடம்..." மதுமதி தயங்கினாள். "சீட்டோட பின்பக்கம் பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு. பாதிரியார் கையெழுத்துதான். இறக்கை அளவு. அஞ்சு புள்ளி ஒண்ணு அங்குலம்னு போட்டிருக்கு."

"சரி?"

"இந்தக் குருவியோட இறக்கை மூணு புள்ளி ஒண்ணு அங்குலம்தான் இருக்கு. எந்த கோல்ட்ஃபிஞ்சுக்கும் அஞ்சு அங்குலம் வராது, மேடம்."

அவள் காட்டிய சீட்டைச் சண்முகவள்ளி குனிந்து பார்த்தாள்.

"தப்பா எழுதியிருப்பார்" என்றாள் சண்முகவள்ளி.

"இருக்கலாம். ஆனா மத்த சீட்டு இருபதைப் பாத்துட்டேன். எல்லாத்திலயும் அளவு சரியா இருக்கு. அவர் ரொம்ப கவனமான ஆளு." மதுமதி குரலைத் தாழ்த்தினாள். "இந்தச் சீட்டு இந்தக் குருவியோடது இல்லைன்னு தோணுது."

சண்முகவள்ளிக்கு முகம் சூடேறியது. அவள் மாணவர்களிடம்கூடக் குரல் உயர்த்தாதவள். அன்று உயர்த்தினாள். "நாப்பத்தஞ்சு வருஷமா எத்தனை பேர் இதைப் பாத்திருக்காங்க தெரியுமா? நீ வந்து ஒரு மணி நேரம் ஆகலை. கிள்ளுறதும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பெட்டியில வை."

மதுமதி குருவியை இரண்டு கையாலும் தூக்கிப் பெட்டியில் வைத்துக் கண்ணாடியை மூடினாள். "நாளன்னிக்கு வரைக்கும் ஊர்லதான் இருப்பேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனாள். வாங்கிவந்த டீ இரண்டும் மேசையில் ஆறிப்போயின.

எல்லோரும் போன பிறகு சண்முகவள்ளி கதவைச் சாத்திக்கொண்டு தானே அளந்து பார்த்தாள். மூன்று புள்ளி ஒன்று அங்குலம். சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். மை எழுத்து தண்ணீர் பட்டு லேசாகப் பரவியிருந்தது. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. அய்யாவின் கட்டுரையை எடுத்துப் படித்தாள். அதில் சீட்டின் முன்பக்கம் எழுத்துக்கு எழுத்து இருந்தது. பின்பக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பார்க்கவில்லையா, பார்த்தும் எழுதவில்லையா?

சீட்டு நனைந்திருக்கிறது என்றால் எப்போது நனைந்தது? அதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். வீரையா. முப்பத்தாறு வருஷம் இந்த மியூசியத்தில் அட்டெண்டராக இருந்தவர். சிக்கல் என்கிற ஊர்க்காரர். அய்யாவுக்கும் அதே ஊர்தான். அய்யா குடும்பத்துக்கு அங்கே நிலம் இருந்தது; வீரையாவின் குடும்பம் அந்த நிலத்தில் வேலை பார்த்தது. அய்யாதான் அவரைக் கல்லூரிக்குக் கூட்டிவந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சிக்கலுக்குள் நுழையும்போதே காரம் மூக்கில் ஏறியது. மிளகாய் எடுக்கும் காலம். களத்துமேடெல்லாம் சிவப்பாகப் பரத்தியிருந்தார்கள். வீரையா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கையால் பழத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி உலகம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வெளிறிப்போன சோடைக் காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், யாரு வந்துருக்காகன்னு பாரு" என்று எழுந்தார் வீரையா. "வாங்க தாயி. ஒரு போன் போட்டுருந்தா நானே வந்துருப்பேன்ல."

"சும்மா பாக்கத்தான்ணே வந்தேன்."

"சும்மா வார ஆளு மூஞ்சியா இது" என்றாள் உலகம்மாள்.

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். உலகம்மாள் மோர் கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டுச் சண்முகவள்ளி ஆரம்பித்தாள்.

"வீரையாண்ணே, பொன்குருவிச் சீட்டு எப்பயாவது நனைஞ்சுச்சா?"

வீரையா துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்காக வெகுகாலம் காத்திருந்த ஆள் மாதிரி அவர் தோள் இறங்கியது.

"நனைஞ்சுச்சு தாயி. எழுபத்தேழு ஐப்பசி மழை. பழைய ஓட்டுக் கட்டடம்ல. ஓடு சரிஞ்சு ராத்திரியெல்லாம் ஒழுகி, ஒரு அலமாரி பூரா நனைஞ்சு போச்சு. சார் வந்து பாத்துட்டு, சீட்டையெல்லாம் அவுத்துக் காயப் போடுறா, குருவியையும் காயப் போடு, ஒண்ணுக்கொண்ணு நேரா வச்சுக்கன்னாரு. அதே மாதிரி பேப்பர் விரிச்சு ரெண்டு வரிசையா வச்சேன். நாப்பது குருவி, நாப்பது சீட்டு. எனக்கு இங்கிலீஸு வாசிக்க வராது. வரிசைதான் கணக்கு. மத்தியானம் அடிச்சுச்சு பாருங்க ஒரு காத்து, ஜன்னக் கதவு படார்னு தொறந்து சீட்டு கொஞ்சம் பறந்துருச்சு. பொறுக்கி எடுத்து வச்சேன். நூலையும் ஈரக் கறையையும் வச்சுப் பாத்து எல்லாம் அதுஅது எடத்துக்குப் போயிருச்சு. ரெண்டே ரெண்டு மட்டும்..." அவர் இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டு மட்டும் எது எதோடதுன்னு எனக்கு நிச்சயம் இல்ல. குத்துமதிப்பாக் கட்டிட்டேன். நான்தான் தாயி மாத்திக் கட்டுனது. சார் மேல ஒண்ணும் இல்ல. அவருக்குத் தெரியாது. எழுதுறதா இருந்தா எம் பேரப் போட்டு எழுதிக்கங்க."

சண்முகவள்ளி மூச்சு விட்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. அப்படி இறங்கியதற்காகவே அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது. ஒரு ஏழைத் தற்காலிகப் பணியாளின் பிழை. அய்யா ஏமாந்துபோனார். அவ்வளவுதான்.

"தெரியாதா?"

கேட்டது உலகம்மாள். பொறுக்கிக்கொண்டிருந்த மிளகாயை முறத்தில் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"நீ சும்மா இரு" என்றார் வீரையா.

"எதுக்குச் சும்மா இருக்கணும்? நாப்பத்தஞ்சு வருசம் சும்மாதான இருந்தேன்." அவள் சண்முகவள்ளியைப் பார்த்துத் திரும்பினாள். "தாயி, நான் கல்யாணம் ஆகி வந்த புதுசு. இவரு சோறு திங்க மாட்டேங்குறாரு, ஒறங்க மாட்டேங்குறாரு. என்னன்னு கேட்டா, காலேசுல எல்லாரும் சாருக்கு மாலை போடுறாக, அந்தக் குருவி சீட்டு நான் மாத்திக் கட்டுனதா இருக்குமோன்னு பயமா இருக்குங்குறாரு. நான்தான் சொன்னேன், போய்ச் சொல்லிரு, வேலை போனாப் போகுது, கூலிக்குப் போயிக்கிறலாம்னு. மறுநாளே போய்ச் சொன்னாரு. கேளுங்க, சொன்னாரா இல்லையான்னு."

சண்முகவள்ளி வீரையாவைப் பார்த்தாள். அவர் மிளகாய்க் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னீகளாண்ணே?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சொன்னேன்" என்றார்.

"அய்யா என்ன சொன்னாக?"

"எந்த ரெண்டு குருவின்னு கேட்டாரு. எடுத்துக் காமிச்சேன். சீட்டைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடி வச்சுப் பாத்தாரு. ஸ்கேல் வச்சு அளந்தாரு. வேர்த்துப் போச்சு அவருக்கு. அப்பறம், போயி ஒரு டீ வாங்கிட்டு வா வீரையான்னாரு. வாங்கிட்டு வந்தேன். குடிக்கல. இத நான் பாத்துக்கிறேன், நீ யார்ட்டயும் வாயைத் தொறக்காத, தொறந்தா ஒன்னய நிப்பாட்டிருவாங்கன்னாரு. நெசந்தான் தாயி, அப்ப இருந்த பிரின்ஸ்பாலு என்னய வெளியேத்த நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்காகத்தான் சார் மறைச்சாரு. அந்த ஆனி மாசமே என்னய நிரந்தரம் பண்ணிவிட்டாரு. எம் பிள்ளைக படிச்சது அதுனாலதான்."

"ஒனக்காகவும் மறைச்சாரு, அவருக்காகவும் மறைச்சாரு" என்றாள் உலகம்மாள். குரலில் கோபம் இல்லை. "நல்ல மனுசன்தான். நான் இல்லைங்கல. எம் மூத்தவன் காய்ச்சல்ல கெடந்தப்ப கார்ல தூக்கிட்டுப் போனவரு அவருதான். ஆனா பழிய இந்த ஆளு ஒருத்தரே சொமந்துக்கிட்டுப் போறத நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

சண்முகவள்ளிக்கு அய்யா அதற்குப் பிறகு ஒரு கட்டுரைகூட எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டவர்களிடமெல்லாம் 'ஒண்ணு போதும்' என்பார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற அன்று பொன்குருவிப் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதை அவர் பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார், கடைசிவரை மாட்டவே இல்லை. அவர் போன பிறகு அதை எடுத்துத் துடைத்துத் துறையில் மாட்டியவள் இவள்தான்.

"அந்த இன்னொரு குருவி எங்கண்ணே இருக்கு?"

"கடைசி அலமாரியில, அடி இழுப்பறை. அட்டைப் பெட்டியில போட்டு நூலு சுத்தி வச்சாரு. நான் இருந்த வரைக்கும் யாரும் தொடல."

அவள் நேரே கல்லூரிக்குப் போனாள். காவலாளியிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்தாள். அடி இழுப்பறை இறுகிக் கிடந்தது. தரையில் உட்கார்ந்து காலை முட்டுக்கொடுத்து இழுத்தபோதுதான் வந்தது. உடைந்த முட்டையோடுகள், காலிக் குப்பிகள், அவற்றுக்குக் கீழே செருப்புப் பெட்டி ஒன்று. உள்ளே மணல் நிறத்தில் ஒரு உப்புக்கொத்தி. குளிர்காலத்தில் பாம்பன் கரையில் கூட்டம் கூட்டமாக ஓடுமே, அந்தப் பறவை. அதன் காலில் கட்டியிருந்த சீட்டில் 'கென்ட், இங்கிலாந்து, 1904' என்று இருந்தது. திருப்பினாள். பென்சிலில், மூன்று புள்ளி ஒன்று.

பெட்டியின் மூடியில் அய்யாவின் சாய்ந்த கையெழுத்து. ஒரே ஒரு சொல்: 'வைத்திருக்கவும்.'

சண்முகவள்ளி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். தூக்கி எறிந்திருக்கலாம். ஒரு தீக்குச்சி போதும். அதைச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை; வெளியே சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓய்வு பெறும்வரை அந்த மனுஷர் தினம் இந்த அறைக்கு வந்து போயிருக்கிறார்.

அன்று சாயங்காலம் தம்பியைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா, ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டுருச்சா?" என்றான் மருதுபாண்டி. "அழைப்பிதழ் அச்சுக்குப் போயாச்சு. அய்யா செத்துப் பதினஞ்சு வருசம் ஆச்சு. இப்பப் போயி அவரு பொய் சொன்னாருன்னு நீயே எழுதுவியா?"

"பொய்யின்னு எழுதல. நடந்ததை எழுதுறேன்."

"வீரையா தப்பாக் கட்டிட்டாருன்னு எழுது. அவரே ஒத்துக்கிறாருல்ல. அதோட முடி."

"அது பாதிதான தம்பி."

"அந்தப் பாதி போதும்" என்று போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதுமதியை மியூசியத்துக்கு வரச்சொன்னாள். அவள் வந்தபோது மேசையில் வெள்ளைத்துணி விரித்து, பொன்குருவியும் உப்புக்கொத்தியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வீரையாவும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்து அவராகவே வந்துவிட்டார்.

"அன்னிக்குக் கோபப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதேம்மா" என்றாள் சண்முகவள்ளி. பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். மதுமதி கேட்டுக்கொண்டே இரண்டு பறவைகளையும் அளந்தாள். உப்புக்கொத்தியின் இறக்கை ஐந்து புள்ளி ஒன்று. இம்மி பிசகவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா? பென்சில் எழுத்தை ரப்பர் வச்சு அழிச்சிருந்தா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காது. எனக்கும் தெரிஞ்சிருக்காது. சார் அழிக்கலையே."

"அதையும் நினைச்சேன்" என்றாள் சண்முகவள்ளி.

வீரையா முன்னால் வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "குடுங்க பாப்பா. நான் அவுத்து மாத்திக் கட்டிர்றேன். என் கையாலேயே பண்ணிர்றேன்."

மதுமதி அவர் கையை லேசாகப் பிடித்தாள். "பழைய சீட்டை அவுக்கக் கூடாதுங்கய்யா. தப்பா இருந்தாலும் அது அங்கனயே இருக்கணும். பக்கத்துல புதுச் சீட்டு ஒண்ணு கட்டலாம், நடந்ததை எழுதி. அதை நீங்களே கட்டுங்க."

"அப்ப தப்பு அப்படியே கெடக்குமா?"

"கிடக்கும். ஆனா தப்புன்னு தெரிஞ்சு கிடக்கும்."

அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

சீட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் நேரம் பிடித்தது. மதுமதி ஒரு வரைவு காட்டினாள்: '1977 மழையின்போது பணியாளர் ஒருவரால் சீட்டுகள் மாறிக் கட்டப்பட்டன.' சண்முகவள்ளி அதை வாசித்தாள். தம்பி கேட்ட பாதி அதுதான். எழுதிவிட்டால் யாருக்கும் வலிக்காது, பெயர்கூட இல்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அய்யாவை நினைத்தாள். சைக்கிளில் பின்னாலிருந்து அவள் தலைக்கு மேலே அவர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்ததை நினைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து தன் கையாலேயே எழுதினாள்: '1977 நவம்பர் மழையில் சீட்டுகள் மாறின. இதை வீரையா 1979இல் பேராசிரியர் யோகேஸ்வரனிடம் தெரிவித்தார். அவர் சரிபார்த்தார், வெளியிடவில்லை. இரண்டு பறவைகளையும் பத்திரமாக வைத்திருந்தார். — யோ. சண்முகவள்ளி.'

வீரையாவுக்கு இப்போது வாசிக்கத் தெரியும். வேலையில் இருந்த காலத்திலேயே கற்றுக்கொண்டார். சீட்டை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். அதன்பின் நூலை எச்சில் தொட்டு முறுக்கி, குருவிக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். உப்புக்கொத்திக்கும் அதேபோல.

பிறகு மதுமதி கத்தியை எடுத்துப் பொன்குருவியின் விரலடியில் நெல்நுனி அளவு கிள்ளிக் குப்பியில் போட்டு மூடினாள்.

"பாம்பன் குருவி இல்லைன்னு ஆனப்பறமும் இது வேணுமா?" என்று கேட்டாள் சண்முகவள்ளி.

"இப்பத்தான் மேடம் வேணும். பாம்பன் சீட்டோட இருந்தப்ப இது எதிலயும் சேராத குருவி. இப்ப இது கென்ட்ல 1904ல பிடிச்ச குருவி. அந்தக் காலத்துல அங்க கோல்ட்ஃபிஞ்சைக் கூண்டுக்குப் பிடிச்சுப் பிடிச்சு ரொம்பக் குறைஞ்சு போயிருந்துச்சு. அந்தச் சமயத்துல பிடிச்சது எங்கிட்ட அஞ்சாறுதான் இருக்கு."

சண்முகவள்ளி திருத்தக் குறிப்பு எழுதி அதே ஆய்விதழுக்கு அனுப்பினாள். ஒரு பக்கம்தான். எழுத ஒரு முழுக் கட்டுரைக்கு ஆவதை விட அதிக நாளானது. சித்திரையில் நடப்பதாக இருந்த பெயர்சூட்டு விழாவைக் கல்லூரி நிர்வாகம் தள்ளிவைத்தது. எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. சுவரிலிருந்த படத்தை வெள்ளையடித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டார். குருவி என்ன பாவம் செய்தது, இருக்கட்டும் என்றாள். மருதுபாண்டி நாலைந்து மாதம் பேசவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் போன் செய்து, வேறு எதுவும் கேட்காமல், "அந்தப் பெட்டியில அய்யா எழுதுனதை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புக்கா" என்றான். அனுப்பினாள். பதில் வரவில்லை. ஆனால் அவன் அதை இரண்டு தடவை திறந்து பார்த்ததாக அவன் மனைவி சொன்னாள்.

ஆவணியில் குறிப்பு அச்சில் வந்தது. இதழை எடுத்துக்கொண்டு சிக்கலுக்குப் போனாள். களத்துமேட்டில் இப்போது ஒன்றும் இல்லை. மழைக்கு முந்திய உழவு நடந்துகொண்டிருந்தது. வீரையா வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க தாயி" என்றாள் உலகம்மாள்.

ஒவ்வொரு வரியாக மாற்றிச் சொன்னாள். வீரையா என்ற பெயர் வந்த இடத்தில் உலகம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள். "தப்பாக் கட்டுனாருன்னு இருக்கா?"

"இருக்கு."

"போய்ச் சொன்னாருன்னும் இருக்கா?"

"அதுவும் இருக்கு. மொதல்ல உண்மையைச் சொன்னது அவருதான்னு போட்டுருக்கேன்."

"அப்பச் சரி" என்று உலகம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீரையாவின் முகம் தெளியவில்லை. "சாரைப் பத்தி எழுதியிருக்க வேண்டாம் தாயி" என்றார். "சீட்டுல இருந்தாச் சரி, பெட்டிக்குள்ள கெடக்கும். இது ஊரு ஒலகமெல்லாம் போகும். அவரு இல்லாதப்ப இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. நீங்க எழுதுவீகன்னு தெரிஞ்சுருந்தா நான் அன்னிக்கு வாயத் தொறந்துருக்கவே மாட்டேன்."

"வருத்தமாண்ணே?"

"வருத்தந்தான்." அவர் மறைக்கவில்லை.

எழுதிவிட்டால் எல்லோருக்கும் சரியாகிவிடும் என்று நினைத்து அவள் எழுதவில்லை. மடியில் கிடந்த இதழை மூடினாள். உலகம்மாள் எழுந்து உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டாள். சாப்பிடாமல் அனுப்புவதில்லை என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.

வீரையாவே மறுபடி பேசினார். "அந்தச் சீமைக்காரங்க வந்து, எங்க ஊருக் குருவி, குடுங்கன்னு கேட்டாக் குடுத்துருவீகளா?"

"கேக்க மாட்டாகண்ணே. அவுக ஊர்ல ஆயிரக்கணக்குல வச்சுருக்காக."

"அப்ப இங்கனயே இருக்கட்டும்" என்றார். "நனையாத எடமாப் பாத்து வைங்க."

"வச்சுருக்கேன்."

உள்ளே குழம்பு தாளிக்கும் சத்தம் கேட்டது. வீரையா எழுந்து, கை கழுவ அவளுக்குச் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.